சக்கரத்துக்கு முட்டுக்கல்

தோட்டத்தின் நட்டநடுவே கிடந்த சாக்கடை மூடி மனைவியின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. லாரி ஓட்டி ஓய்ந்த கணவர் அதற்கொரு வழி செய்தார். சக்கரம் வைத்த மரப்பெட்டியில் ரோஜாச் செடிகளை நட்டு, மூடியின் மேல் நிறுத்தினார். அடைப்பெடுக்க ஆள் வந்தால் தள்ளிக்கொள்ளலாம். பழக்கதோஷம், சக்கரத்துக்கு ஒரு கல்லையும் முட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலை பெட்டி இரண்டடி தள்ளி நின்றது. கல்லும் கூடவே போய்ச் சக்கரத்துக்கு அடியில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. ஒரு இலைகூட உதிரவில்லை. அவர் மனைவியைச் சந்தேகப்பட்டார், மனைவி அவரை. தினமும் இதே கதைதான்.

கடைசியில் ஒருநாள் அடைப்பெடுக்க பிளம்பர் வந்து மூடியைத் திறந்தார். உள்ளே விளிம்புவரை சிமெண்ட் கொட்டியிருந்தது.

"இதை எந்தக் காலத்துலயோ அடைச்சுட்டாங்க ஐயா. உங்க லைன் பின்பக்கமா போகுது."

பிளம்பர் போனதும் மனைவி கேட்டாள். "அப்ப யாருங்க நகர்த்துறது?"

"யாரா இருந்தா என்ன? கல்லை மறக்காம வைக்கிறான் பாரு. வண்டி ஓட்டினவன்தான்."

அதன்பிறகு காலையில் பெட்டியை மூடிமேல் தள்ளி வைப்பது அவருக்குப் பிடித்த வேலையாகிவிட்டது. ரோஜாக்களும் போட்டி போட்டுக்கொண்டு பூத்தன.

ஒருநாள் மண் மாற்றும்போது எடுத்த கல்லை ஜன்னலோரத்திலேயே மறந்துவிட்டார். விடிந்ததும் பதறி ஓடினார். பெட்டி வழக்கம்போல இரண்டடி தள்ளி, ஆடாமல் நின்றது. சக்கரத்துக்கு அடியில், மூடிக்குள்ளிருந்து அப்போதுதான் பெயர்த்தெடுத்த ஒரு சிமெண்ட் துண்டு.

"கெட்டிக்காரன்" என்றார், மனம் நிறைந்து.