திரும்பி வரும் கோடு

ஆவடி ராணுவ லாரிக் கொட்டகையில் காலை வெயில் தகர ஓட்டைகள் வழியாகத் தரையில் வட்ட வட்டமாய் விழுந்து கிடக்கிறது. வண்டி கிளம்பாவிட்டால் என்ன செய்வதென்று, எழுத்தறியாத கூலியாட்களுக்கு மேஸ்திரி தேவராஜ் சாக்கட்டியால் படம் போட்டுக் காட்டுகிறார். கட்டம் என்றால் வேலை, சாய்ந்த சதுரம் என்றால் கேள்வி. ஆமாம் என்றால் வலப்பக்கக் கோடு, இல்லை என்றால் இடப்பக்கம். "கெளம்பலேன்னா கோடு திரும்பி இங்கயே வருது, மறுபடி ஹேண்டிலச் சுத்து. மூணு வாட்டிதான். அப்பறம் கோடு வெளிய பூடணும்." "இல்லாங்காட்டி பொழுதுக்கும் சுத்திகினே கீறதுதான்" என்கிறான் கூலியாள் துலுக்கானம். எல்லாரும் சிரிக்கிறார்கள்.

கொட்டகையில் கூலி வேலை செய்யும் வேம்புலியம்மாள் சிரிக்கவில்லை. பர்மா சண்டைக்கு லாரி ஓட்டிப்போன அவள் புருஷனிடமிருந்து எட்டு மாதமாகக் கடுதாசி இல்லை. ஓரமாகக் குந்தி அவளும் ஒரு படம் போடுகிறாள். தபால் ரயில் வரும் தண்டவாளத்துக்கு இரண்டு கோடு, தபால் பைக்கு ஒரு வட்டம், அதன்கீழ் கடுதாசி வந்ததா என்ற கேள்விக்கு ஒரு சாய்ந்த சதுரம். இடப்பக்கக் கோடு வளைந்து தண்டவாளத்துக்கே திரும்புகிறது. மேஸ்திரி குனிந்து பார்க்கிறார். "எல்லாம் சரியா கீதும்மா. எத்தினி வாட்டின்னு போடலியே? வெளிய போற கோட்டயும் காணோமே?" அவள் நிமிரவில்லை. "லாரிக்கு மூணு வாட்டி போதும், அண்ணாத்தே" என்று மெல்லச் சொல்லிக்கொண்டே, திரும்பி வரும் கோட்டின்மேல் சாக்கட்டியை அழுத்தி இன்னொரு முறை இழுக்கிறாள்.