அவரவர் முழம்

திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் மத்தியான வெயில் தகரக் கூரையின் ஓட்டை வழியாக மல்லிகைக் குவியல்மேல் விழுந்து கிடக்கிறது. பாஸ்கல் ஈரக் கையைக் கைலியில் துடைத்துவிட்டு, வாழைநார்க் கட்டின்மேல் சாய்த்து வைத்த செல்போனின் வீடியோ காலுக்குள் குனிகிறான். தோஹாவில், அவன் மனைவி ஜோஸ்பின் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்தில், இன்று பல நாட்டுப் பிள்ளைகளும் கூடும் விழா. அவள் மேசையில் அவன் கட்டி விமானத்தில் அனுப்பிய சரம். மற்ற நாட்டுப் பலகார மேசைகளை விட்டுவிட்டுப் பூவுக்கு யார் வருவார்கள் என்று நேற்று அழாத குறையாகப் பேசியவளைச் சுற்றி இப்போது ஒரே கூட்டம். கென்யாக்காரப் பிள்ளை தன் நீண்ட கையால் ஒரு முழம் அளக்கிறாள். ஜப்பான் குட்டி தன் சின்னக் கையால் அளக்கிறாள்.

"ஏ புள்ள, குடுக்கிறவுக கையாலதான அளக்கணும்?"

"வச்சிக்கப்போறது அதுகதானங்க? அதுக கைதான் அளவு."

"அடி கெட்டிக்காரி!" என்று செல்போனைப் பார்த்துச் சிரிக்கிறான்.

கடை முன்னால் கூடையோடு ஒரு பெண் வந்து நிற்கிறாள். "தம்பி, ரெண்டு முழம் குடு."

வழக்கம்போல முன்கையை நீட்டியவன் அதை மடக்கிக்கொள்கிறான். பிறகு சரத்தின் நுனியை அவளிடமே கொடுக்கிறான்.

"உங்க கையாலயே அளந்துக்கங்கக்கா."