லிங்க்கில் தெரியும் தலைப்பு

“தலைப்பை மாத்தணும்மா” என்று மாடி வீட்டு மாமா வந்து நின்றார். ‘எங்கள் மகனைக் காணவில்லை’ என்ற இணையப் பக்கத்தை அவருக்குச் செய்து கொடுத்தவள், கீழ் வீட்டில் வெப்சைட் வேலை பார்க்கும் அவள்தான்.

“மாமா! கிடைச்சுட்டானா?”

“‘மகன் கிடைத்துவிட்டான்’னு போடும்மா.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “துரை வரட்டும், முதல்ல என் கையால ரெண்டு அடி இருக்கு. அத்தைக்குச் சொல்லியாச்சா?”

“நான் வாயால சொன்னா நம்ப மாட்டேங்கிறா. ஆஸ்பத்திரியில போனையே பார்த்துக்கிட்டுப் படுத்திருக்கா. லிங்க் அனுப்பினா, திறக்காமலே தலைப்பு தெரியும்ல?”

“நல்லாத் தெரியும். ‘வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறான்’னும் சேர்க்கட்டுமா?”

“சேர்த்துடு.”

அவள் மாற்றி முடித்ததும், அங்கேயே நின்று மனைவியின் போனுக்கு லிங்க்கை அனுப்பினார். மகனின் படமும் அதன் கீழே புதிய தலைப்பும் வந்தன. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இனி நீ இங்கே மாத்தினாலும், அவளுக்குப் போனது அப்படியே இருக்குமா?”

“இருக்கும் மாமா. ஆனா இதுக்கு மேல மாத்த என்ன இருக்கு?”

அவர் போனைச் சட்டைப்பையில் வைத்தார்.

“அவளுக்கு இன்னைக்குத் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்மா. அவ பார்த்துட்டா போதும். நீ பழையபடி ‘காணவில்லை’ன்னே போட்டுடு. அவனை இன்னும் தேடணும்.”