குதிகால்

கிட்வாய் நகரிலிருந்து அம்மாவுக்கு இடம் பார்க்க வந்த மாதங்கி, முதியோர் இல்லத்தின் சமையலறையை ஒப்புக்குத்தான் எட்டிப் பார்த்தாள். படுத்திருந்தவர்களின் போர்வையை விலக்கிக் குதிகால்களைத்தான் தடவித் தடவிப் பார்த்தாள். போன இல்லத்தில் அம்மாவுக்குப் படுக்கைப்புண் அங்கேதான் முதலில் வந்தது. இங்கே ஒருவருக்கும் இல்லை.

"ஜன்னலோரக் கட்டில் காலி, தீதி. சுலோசனாம்மா தீபாவளிக்கு முன்னாடி தவறிட்டாங்க" என்றாள், அக்கா என்பதை இந்தியில் தீதி என்றே சொல்லிப் பழகிய ஆயா செல்வராணி.

விரிப்பு புதிது. தலையணை மட்டும் சுவர்ப்பக்கம் குழிந்திருந்தது.

எல்லோரையும் புரட்டிப் படுக்கவைக்கும் நேரம் வந்தது. இன்னொரு ஆயா லீவு என்பதால், மாதங்கியே ஒவ்வொருவருக்கும் கால் பக்கம் பிடித்துக்கொடுத்தாள். கடைசியில் செல்வராணி காலிக் கட்டிலருகே போய்க் குனிந்தாள்.

"பிடிங்க, தீதி."

"இதுலதான் யாரும் இல்லையே?"

"திருப்பலேன்னா ராத்திரி பூரா முனகுறாங்க. ஜல்தி, தீதி, எனக்கு இடுப்பு வலிக்குது."

விரிப்பின்மேல் ஒன்றும் தெரியவில்லை. மாதங்கி கையை நீட்டினாள். கனத்தது. இருவருமாகப் புரட்டியதும் தலையணையின் குழி ஜன்னல் பக்கம் நகர்ந்தது.

பழக்க தோஷத்தில் அவள் கட்டைவிரல் குதிகாலைத் தடவியது. ஜில்லென்றிருந்த அந்தத் தோலில் புண் எதுவும் இல்லை.