மர்ஃபியின் வேலை

ஓஹியோவில் அந்தச் சிற்றூரின் சர்ச் கூடத்தில், கஞ்சா புகைப்பதை அனுமதிக்கும் சட்டத்துக்கு, வரப்போகும் பொது வாக்கெடுப்பில் யாரும் ஆதரவு தரவே கூடாதென்று ஒரு மணி நேரம் தொண்டை கிழியக் கத்திய டோரீன், கடைசி அஸ்திரமாகப் போலீஸ்காரர் வெண்டலைப் பேச எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள்.

"வேணாம்னு ஓட்டுப் போடச் சொல்லு தம்பி!"

"வேணும்னே போடுங்க," என்றார் வெண்டல்.

டோரீனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடப்பாவி, நீயும் இழுக்கிறியா?"

"ஐயோ, இல்லக்கா. எங்க ஸ்டேஷன்ல மர்ஃபின்னு ஒருத்தன். கஞ்சா பிடிக்கிறதைத் தவிர அவனுக்கு வேற ஒண்ணும் தெரியாது. சட்டம் வந்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"கேட்டீங்களா அநியாயத்தை? ஒருத்தன் பொழப்புல மண்ணு!" டோரீன் மேசையைத் தட்டினாள். கூட்டம் உச்சுக்கொட்டியது.

"அக்கா, அவனுக்கு இடுப்பு போயி ரெண்டு வருஷமாச்சு. இன்னும் வேலை வாங்குறாங்க. அனுப்பினாங்கன்னா நானே வீட்டுல வெச்சுப் பாத்துப்பேன்."

"சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவான், பாவம்?"

"எலும்பு போட்டாப் போதும்," என்ற வெண்டல், வாசலைப் பார்த்துச் சீட்டியடித்தார்.

போலீஸ் பட்டை கட்டிய கிழட்டு நாயொன்று நொண்டி நொண்டி வந்து, டோரீனின் மடியில் தலையை வைத்துப் பெருமூச்சு விட்டது.



"தம்பி," டோரீன் மூக்கைச் சிந்தினாள். "ஓட்டுச் சீட்டுல அந்த 'வேணும்' கட்டம் மேலயா இருக்கு, கீழயா?"