ஓட்டினது யாரு?

"ஜீப்பை ஓட்டினது நீதான். உள்ளே போனதும் இதைத் தவிர வேற வார்த்தை உன் வாயிலிருந்து வரக் கூடாது, புரியுதா?"

எஸ்.பி. அறைக்கு வெளியே, பெஞ்சில் சாய்ந்துகொண்டு மிரட்டினார் இன்ஸ்பெக்டர். எதிரே நின்றிருந்த போலீஸ் டிரைவர் தொப்பியைப் பிசைந்தார்.

"சார், டிபார்ட்மென்ட் வண்டியை நீங்க ஓட்டக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். கேட்டீங்களா? சாவியைப் பிடுங்கிக்கிட்டீங்க. போன்ல பேசிக்கிட்டே போய் அந்தக் கொட்டகைக் கதவுல சொருகிட்டீங்க. இப்போ பழி எனக்கா?"

"மெதுவா பேசுய்யா! ஆபீசர் தப்பு பண்ணினா விசாரணை மேலிடம் வரைக்கும் போகும். என் பிரமோஷனுக்கே வேட்டு. உனக்குன்னா மேடம் நாலு திட்டு திட்டுவாங்க, இன்க்ரிமென்ட்டை நிறுத்துவாங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? ஏட்டு லிஸ்ட்ல இந்தத் தடவைதான் என் பேரு வந்திருக்கு சார். தண்டனைன்னு ஒண்ணு ஏறிட்டா பேரை அடிச்சிடுவாங்க. வீட்டுல அவ தெரு முழுக்க சொல்லிட்டு வந்துட்டா."

"தெருவுக்கு அடுத்த தடவை சொல்லிக்கலாம். காலையிலயே மேடம்கிட்ட போன்ல உன் பேரைச் சொல்லியாச்சு. இப்போ மாத்திப் பேசினே, அப்புறம் என் ஸ்டேஷன்லதான் நீ குப்பை கொட்டணும், ஞாபகம் வெச்சுக்க."

டிரைவர் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டார். இவரைப் பகைத்துக்கொண்டு தினமும் இவருக்கே கதவைத் திறந்துவிடுவது எப்படி?

மணி அடித்தது. இருவரும் உள்ளே போய் சல்யூட் அடித்தார்கள். எஸ்.பி. மேடத்தின் முகமெல்லாம் சிரிப்பு. இன்ஸ்பெக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேடம் சிரித்துப் பார்த்தவர் அந்த ஆபீசிலேயே கிடையாது.

"வாங்க, வாங்க. கொட்டகைக் கதவை உடைச்ச மகராசன் யாரு?"

"இவன்தான் மேடம். நான் எவ்வளவோ சொன்னேன், கேட்டாத்தானே! கடுமையா ஏதாவது செஞ்சாத்தான் இவங்களுக்கெல்லாம் உறைக்கும்."

மேடம் டிரைவரைப் பார்த்தார். "நீங்கதான் ஓட்டினீங்களா?"

டிரைவர் இன்ஸ்பெக்டரை ஓரக்கண்ணால் பார்த்தார். "ஆ... ஆமாம் மேடம்."

"கையைக் கொடுங்க முதல்ல! ஜீப்பை இழுத்துட்டு வரப் போன நம்ம ஆளுங்க உள்ளே எதைப் பார்த்தாங்க தெரியுமா? ஊரெல்லாம் திருடு போச்சே மோட்டார் சைக்கிள், அத்தனையும் வரிசையா நிக்குது! பெரிய ஆபீசருங்க தலைகீழா நின்னு தேடியும் கிடைக்கலை. கதவை இடிச்சுக் கண்டுபிடிச்ச ஆளுக்கு ஸ்பெஷல் பிரமோஷன்."

டிரைவர் திறந்த வாயை மூடவில்லை. இன்ஸ்பெக்டருக்கோ இருப்புக்கொள்ளவில்லை. தன் மடியில் விழவேண்டியது அடுத்தவன் மடியில் விழுந்தால் பொறுக்குமா மனுஷனுக்கு?

"மேடம், ஒரு நிமிஷம்! உண்மையைச் சொல்லிடறேன். ஓட்டினது நான்தான்! இவன்கிட்ட சாவியைப் பிடுங்கி நானே ஓட்டினேன். யோவ், சொல்லுய்யா, யாரு ஓட்டினது?"

"நீங்கதான் சார்" என்றார் டிரைவர் பளிச்சென்று. பிரமோஷன் போனால் போகட்டும், சொன்ன பொய் தொலைந்ததே என்று அவருக்கு அப்பாடா என்றிருந்தது.

"நிச்சயமா? அப்புறம் மாத்திப் பேச மாட்டீங்களே?"

"சத்தியமா மேடம்! யார் முன்னாடி வேணும்னாலும் சொல்றேன்."

மேடம் எழுந்து வந்து டிரைவரின் தோளைத் தட்டினார். "நீங்க கிளம்புங்க. ஏட்டு லிஸ்ட்ல உங்க பேரு அப்படியே இருக்கும்னு வீட்டுல சொல்லிடுங்க."

பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார்.

"நீங்க இருங்க, விசாரணையை ஆரம்பிச்சிடலாம். மோட்டார் சைக்கிளாவது ஒண்ணாவது! அந்தக் கொட்டகைக்குள்ளே ஒரு பழைய மண்வெட்டியைத் தவிர வேற ஒரு மண்ணும் கிடையாது."