பின்னால் வரும் சைக்கிள்

வருஷம் முப்பத்தொன்றா, முப்பத்திரண்டா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. உப்புக்காக ஜெயிலுக்குப் போனவர்கள் திரும்பி வந்து, மறுபடியும் போய்க்கொண்டிருந்த காலம். மற்றதெல்லாம் இப்படித்தான் நடந்தது என்று நினைக்கிறேன்.

"இன்னைக்கும் வந்தாம்லே, அந்தக் காளிராஜ் ஆளு," என்றான் பால்துரை. ராஜபாளையத்துப் பருத்தி அரைக்கும் ஆலையில் அவனோடு மூட்டை தைக்கும் நேசையன் ஊசியை நிறுத்தவில்லை.

பால்துரை மூன்று வருஷமாகச் சைக்கிள் சங்கத்தின் மூன்றாம் தரத்திலேயே கிடந்தவன். ஒரு தரத்தில் முதலாவதாக வருகிறவனுக்கு மட்டுமே அடுத்த தரம். முதல் தரத்தை எட்டியவனுக்குத்தான் மதுரைப் பந்தயம். இரண்டாம் தரத்தில் இருந்த துணிக்கடைக் காளிராஜ், பார்க்கும்போதெல்லாம் கேட்பான்: "மூணாம் தரத்துக்குப் பட்டா வாங்கிட்டியாலே?"

அதற்காகவே தினமும் விடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடி வரை மிதித்துவிட்டு, ஆலைச் சங்கு ஊதுவதற்குள் திரும்புவான். தை மாதத்திலிருந்து பின்னால் ஒரு சைக்கிள்.

தலையில் துண்டு, மடித்துக் கட்டிய வேட்டி. முட்டி இரண்டும் கறுத்திருக்க, அதற்குக் கீழே மட்டும் வெளுத்த கால்கள். பால்துரை தேரடியில் தண்ணீர் குடிக்க நின்றால் அவனும் நிற்பான். மடியிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதுவான். ஒரு வார்த்தை பேசமாட்டான்.

"என் வேகத்தைக் குறிச்சுட்டுப் போயி காளிராஜ்கிட்டக் குடுக்கான்."

"கேட்டுப்புட வேண்டியதுதானே?"

"கேட்டா வேற ஆளை விடுவான். இவனை உதறிட்டுப் போறேன் பாரு."

உதற முடியவில்லை. பால்துரை வேகத்தைக் கூட்டினால் அவனும் கூட்டினான். மேட்டில் எழுந்து நின்று மிதித்தாலும் பின்னால் அந்தச் செயின் சத்தம் அப்படியே வந்தது. வீட்டில் சாப்பிட உட்காரும்போதுகூடப் பால்துரை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

மாசியில் மூன்றாம் தரத்தில் முதலாவதாக வந்தான். இரண்டாவதாக வந்தவன் கண்ணுக்கே தெரியவில்லை. காளிராஜ் அன்று சிரிக்கவில்லை. அது போதுமாயிருந்தது பால்துரைக்கு.

சித்திரையில் இரண்டாம் தரப் பந்தயம். அதற்கு மூன்று வாரம் இருக்கையில் பொறுமை போயிற்று. வன்னியம்பட்டிப் பக்கம் சட்டென்று பிரேக்கைப் பிடித்துச் சைக்கிளைக் குறுக்கே போட்டான்.

"காளிராஜ் ஆளுதானே நீ?"

வந்தவன் மூச்சு வாங்கினான். "காளிராஜா? அவன் எந்த ஊர்க் காங்கிரஸ்காரன்?" என்று மடியில் நோட்டைத் தேடினான். "அப்படி ஒரு பேரு லிஸ்டுல இல்லையே."

பிறகு வந்தவர் தலைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"நான் போலீசுலே. பேரு பேச்சிமுத்து. காக்கி போடாம, முட்டிக்குக் கீழ பட்டித் துணி சுத்தாம, மூணு மாசமா உன் பின்னால அலையுதேன். தெனம் வில்லிபுத்தூருக்கு உயிரைக் குடுத்துப் போறே. ஒருத்தரையும் பாக்கலை, ஒரு சாமான் வாங்கலை, தண்ணியைக் குடிச்சிட்டுத் திரும்புதே. காங்கிரஸ் நோட்டீஸ் கடத்துதேன்னு மேலதிகாரிக்குச் சந்தேகம். எங்க ஒளிச்சு வச்சிருக்கேன்னுதான் புரியலை."

"பழகுதேன்யா. ரேஸுக்கு."

பேச்சிமுத்து தன் சைக்கிள் சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"இதை மொதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா எனக்கு மூலம் வந்திருக்காதேலே," என்றார்.

மறுநாள் அவர் வரவில்லை. சந்தேகத்துக்கு இடமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவரைக் கூமாப்பட்டிப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். காளிராஜ் தன் கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தான். அவன் யாரையும் ஏவியதே இல்லை.

பால்துரை தனியாக மிதித்தான். சாலை நீண்டுகொண்டே போனது. முதல் நாள் தேரடிக்கு ஐந்து நிமிஷம் பிந்தினான். நாலாம் நாள் சங்கு ஊதி, ஆலைக் கதவும் சாத்திய பிறகுதான் ஊருக்குள் வந்தான். வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்ததுதான் மிச்சம்.

ஐந்தாம் நாள் காலை ஒரு புதுக் கதர்க் குல்லாயை மாட்டிக்கொண்டான். கேரியரில் பழைய காகிதக் கட்டு ஒன்றை வைத்துக் கட்டினான். நேரே போலீஸ் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றான்.

ஏட்டு வெளியே வந்து ஏற இறங்கப் பார்த்தார். "உன் விவகாரம்தான் முடிஞ்சு போச்சேலே. இன்னும் என்ன வேணும்?"

"ரேஸ் முடியுற வரைக்கும் என்னைச் சந்தேகப்படுங்கய்யா."